பத்து நிமிடச் சிரிப்பு ரீலை எடைக்குப் போடாதீர்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் ஓரிரு மாதங்களில் ஒரு நல்ல காரியம் செய்கிறார்கள். வீட்டில் இருக்கும் பழைய போட்டோ ஆல்பம், கல்யாண வீடியோ கேசட், பாட்டு சி.டி. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும் என்று கிளம்புகிறார்கள். பாராட்ட வேண்டிய வேலைதான். ஆனால் அதற்கு அடுத்த வேலையாக, "அதான் உள்ளே ஏத்தியாச்சே" என்று பழைய பெட்டியை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். இந்த இரண்டாவது வேலையோடு எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்று சொல்வதற்கு, உங்களில் பலர் பார்த்தேயிராத ஒரு பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வீடியோ கேசட் வருவதற்கு முன்னால், வீட்டிலேயே சினிமா பார்ப்பதற்கென்று சிறிய அளவு பிலிம்கள் இருந்தன. தியேட்டரில் ஓடுவது 35 மி.மீ. அகலமுள்ள பிலிம். வீட்டு உபயோகத்திற்காக கோடக் நிறுவனம் 1923-ல் 16 மி.மீ. பிலிமையும், 1932-ல் 8 மி.மீ. பிலிமையும், 1965-ல் சூப்பர் 8 என்ற மேம்பட்ட வடிவத்தையும் கொண்டு வந்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்தச் சிறிய பிலிம்களில் சாப்ளின், லாரல்–ஹார்டி, அபாட்–காஸ்டெல்லோ நகைச்சுவைப் படங்களை அட்டைப் பெட்டியில் போட்டு, நாம் பிற்காலத்தில் வி.சி.டி. வாங்கியது போலக் கடையில் விற்றார்கள். முழுப் படம் வாங்கினால் விலை கட்டுப்படியாகாது. எனவே படத்தை வெட்டிச் சுருக்கி 200 அடி ரீலில் அடக்கிவிடுவார்கள்.

200 அடி என்றால் எவ்வளவு நேரம்? சூப்பர் 8 பிலிமில் ஓர் அடிக்கு 72 படங்கள், அதாவது பிரேம்கள். 200 அடிக்கு 14,400 பிரேம். வினாடிக்கு 24 பிரேம் வீதம் ஓட்டினால் சரியாகப் பத்து நிமிடம். ஊமைப் படங்களுக்கு வழக்கமான 18 பிரேம் வேகத்தில் ஓட்டினால் பதிமூன்று நிமிடம் இருபது வினாடி. 1948-ல் வந்த அபாட்–காஸ்டெல்லோவின் பிராங்கன்ஸ்டைன் படம் 83 நிமிடம். அதை கேஸில் பிலிம்ஸ் நிறுவனம் இந்த அளவுக்குச் சுருக்கி விற்றது. மீதி எழுபது நிமிடம் கத்தரிக்குப் போயிற்று. இதில் இன்னொரு வேடிக்கை, விலை குறைந்த பதிப்புகளில் ஒலி கிடையாது. அபாட்–காஸ்டெல்லோ வாயால் பிழைத்தவர்கள். பேச்சை எடுத்துவிட்டு, நடுநடுவே எழுத்து அட்டை காட்டினால் எப்படிச் சிரிப்பது? கவுண்டமணியை ஊமைப் படமாகக் கற்பனை செய்து பாருங்கள், புரியும். ஆனாலும் வாங்கினார்கள், சுவரில் வெள்ளைத் துணி கட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

எல்லா நிறுவனங்களும் இப்படி வெட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிளாக்ஹாக் பிலிம்ஸ் என்ற நிறுவனம் லாரல்–ஹார்டியின் குறும்படங்களை முழுதாகவே விற்றது. சேகரிப்பாளர்கள் மத்தியில் அந்தப் பெட்டிகளுக்கு இன்றும் தனி மரியாதை.

நான் இந்த ரீல்களைச் சேகரிக்கிறேன். தொழில் சாப்ட்வேர் எழுதுவது, ஊர் நாகர்கோவில். என் தாத்தாவின் தம்பி, எங்கள் வழக்கத்தில் சின்னப் பாட்டா, 1970-களில் சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். ஊர் திரும்பும்போது ஒரு சூப்பர் 8 புரொஜக்டரும் பதினோரு ரீலும் கொண்டு வந்தார். எட்டு சாப்ளின், இரண்டு லாரல்–ஹார்டி, பெயர் கிழிந்துபோன ஒன்று. அவர் காலத்துக்குப் பிறகு எல்லாம் பரணில் கிடந்தது. "கொண்டு போறதுன்னா கொண்டு போ மக்கா, இல்லேன்னா வர்ற பொங்கலுக்கு எடைக்குப் போட்டிருவேன்" என்றார் அத்தை. நான் கொண்டு வந்தேன். இன்று என்னிடம் நாற்பதுக்கும் மேற்பட்ட ரீல்கள் இருக்கின்றன. முக்கால்வாசி நகைச்சுவை, எல்லாமே சுருக்கியவை.

"எதுக்குடே இது? போன்ல தட்டினா முழுப் படமே வருமே?" இது என் நண்பர்கள் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்விதான். சாப்ளின் 1916, 1917-ம் ஆண்டுகளில் எடுத்த குறும்படங்களை இன்று அழகாகப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள், இலவசமாகவே பார்க்கலாம். அப்படியிருக்க, கீறல் விழுந்த பத்து நிமிடத் துண்டை ஏன் வைத்துக்கொண்டிருக்க வேண்டும்?

அந்த முழுப் படம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் பதில் கிடைத்துவிடும். பழைய நகைச்சுவைப் படங்களுக்குப் பல நேரங்களில் மூல நெகட்டிவ் தேய்ந்து போயிருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. உலகின் பல மூலைகளில் தங்கிய பிரிண்ட்களைத் தேடி, ஒன்றில் இல்லாத காட்சியை மற்றொன்றிலிருந்து எடுத்து ஒட்டித்தான் முழுப் படம் ஆக்குகிறார்கள். லாரல்–ஹார்டி 1927-ல் நடித்த 'பேட்டில் ஆப் தி செஞ்சுரி' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சினிமா வரலாற்றின் பெரிய பலகாரச் சண்டைகளில் ஒன்று அதில் வருகிறது. ஒரு தெருவே ஒருவர் முகத்தில் ஒருவர் க்ரீம் பலகாரத்தை வீசிக்கொள்ளும். அந்தச் சண்டை இருந்த இரண்டாவது ரீல் முழுதாக எங்கும் இல்லை. 1957-ல் ராபர்ட் யங்சன் என்பவர் பழைய நகைச்சுவைகளைத் தொகுத்து எடுத்த படத்தில் பயன்படுத்திய வெட்டுத் துண்டுகள் மட்டுமே பல பத்தாண்டுகளாக எல்லோரும் பார்த்தது. 2015-ல் ஜான் மிர்சாலிஸ் என்ற சேகரிப்பாளர், தான் வாங்கியிருந்த பழைய பிலிம் பெட்டிகளைக் குடைந்தபோது, அந்த ரீல் 16 மி.மீ. பிரிண்டாக உள்ளே இருந்தது. யங்சனின் சேகரிப்பிலிருந்து கைமாறிக் கைமாறி வந்த பெட்டி அது.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். கிட்டத்தட்ட அறுபது ஆண்டுகள் அந்தச் சிரிப்பை உயிரோடு வைத்திருந்தது ஒரு சுருக்கம். அதை முழுமையாக்கியது தனி மனிதர் ஒருவர் வீட்டில் வைத்திருந்த சிறிய அளவு பிலிம்.

இனி நம் ஊருக்கு வருவோம். இதைப் படிக்கும் வெளியூர் வாசகர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், குமரி மாவட்டத்துக்கும் தொலைந்துபோன பிலிமுக்கும் உள்ள உறவு பழையது. மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' எடுத்த ஜே.சி. டேனியல் எங்கள் அகஸ்தீஸ்வரத்துக்காரர். 1975-ல் அங்கேயே காலமானார். அந்தப் படத்தின் ஒரு பிரேம்கூட இன்று ஓட்டிப் பார்க்கக் கிடையாது. வீட்டில் கிடந்த பிலிமைச் சிறு வயதில் தானே எரித்துவிட்டதாக அவருடைய மகன் பின்னாளில் கூறியிருக்கிறார். குழந்தையைக் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்து 35 மி.மீ. பிலிம் நைட்ரேட்டால் ஆனது, தீக்குச்சி காட்டினால் குப்பென்று பற்றிக்கொள்ளும்.

டேனியலின் உறவினரான ஆர். சுந்தர்ராஜ் அடுத்து 'மார்த்தாண்ட வர்மா' என்ற ஊமைப் படத்தை எடுத்தார். 1933-ல் திருவனந்தபுரத்தில் வெளியான உடனேயே, சி.வி. ராமன் பிள்ளையின் நாவலை வெளியிட்டிருந்த புத்தக நிறுவனம் உரிமை கேட்டு வழக்குப் போட்டது. படம் நின்றது, பிரிண்ட் புத்தக நிறுவனத்தின் பொறுப்பில் கிடந்தது. 1974-ல் புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதை வாங்கிக்கொண்டது. தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட ஊமைப் படங்களில் இன்று நமக்கு மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான் என்கிறார்கள். வீட்டில் இருந்த படம் எரிந்து போயிற்று, வழக்கில் சிக்கிய படம் பிழைத்துக்கொண்டது! தயாரிப்பாளருக்கு நஷ்டம், நமக்கு லாபம்.

நகைச்சுவை என்றால் நாகர்கோவிலில் கலைவாணரைச் சொல்லாமல் இருக்க முடியுமா? ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன், கதாநாயகனின் படத்துக்குள்ளே தனக்கென்று ஒரு சிறிய படத்தை நடத்தியவர். தன் குழுவோடு நகைச்சுவைப் பகுதியைத் தானே அமைத்து, அதைக் கதையோடு இணைப்பது அவர் வழக்கம். தனிக் குறும்படங்களாகவும் எடுத்தார்கள். 1939-ல் வந்த 'சிரிக்காதே' பல சிறு நகைச்சுவைகளைக் கோத்த படம். பம்மல் சம்பந்த முதலியார் அரிச்சந்திரன் கதையைத் தலைகீழாகத் திருப்பி எழுதிய 'சந்திரஹரி' நாடகமும் கலைவாணர் நடிப்பில் 1941-ல் சின்னப் படமாக வந்தது. உண்மையே பேசமாட்டேன் என்று சபதம் எடுத்தவனின் கதை!

இப்படி அமைந்த நகைச்சுவையில் ஒரு வசதியும் உண்டு, ஓர் ஆபத்தும் உண்டு. தனியே வெட்டி எடுத்தாலும் சிரிப்பு குறையாது என்பது வசதி. அதை வெட்டி எறிந்தாலும் மூலக் கதை தடுமாறாது என்பது ஆபத்து. படம் நீளம் என்று ஒரு பிரிண்ட்டைக் குறைக்க நினைப்பவரின் கத்தரி எங்கே போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) இன்று இல்லை. முப்பதுகளில் வந்த படங்களில் பெரும்பகுதி இல்லை. கறுப்பு வெள்ளைப் பிலிமில் வெள்ளி இருக்கிறது என்பதற்காகவே பழைய பிரிண்ட்களைக் கரைத்துவிட்டார்கள். பத்திரமாக வைத்தவையும் தப்பவில்லை. 2003 ஜனவரியில் புனேயில் நடந்த தீ விபத்தில், காப்பகத்தின் நைட்ரேட் பிரிண்ட்கள் ஏராளமாக எரிந்து போயின. மணிமேடைச் சந்திப்பில் கலைவாணருக்குச் சிலை இருக்கிறது, பிறந்த நாளுக்கு மாலை போடுகிறோம். மாலை போடும் கைகளில் பாதியாவது ஒரு பழைய டப்பாவைத் திறந்து பார்த்தால் தேவலை என்று எனக்குத் தோன்றும்.

கலைவாணர் படங்கள் 8 மி.மீ. ரீலாக விற்பனைக்கு வந்தனவா என்றால், நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் 16 மி.மீ. பிரிண்ட்கள் நம் நாட்டில் நிறையப் புழங்கின. பள்ளிக்கூடம், கோயில் திருவிழா, பிலிம் சொசைட்டி என்று எங்கெங்கோ ஓடின. ஓட்டுபவர்கள் இரண்டு ரீலை மட்டும் தனியே வைத்துக்கொண்டதும் உண்டு. அந்த இரண்டு ரீல் எதுவாக இருந்திருக்கும்? பாட்டு அல்லது சிரிப்பு. ஆகவே, நம் ஊர்ப் பரண்களில் இன்னும் ஏதாவது இருக்கும் என்று நான் நம்புவதற்குக் காரணம் இருக்கிறது.

பிலிமே இல்லாத வீடுகளிலும் இதன் தம்பி ஒன்று இருக்கிறது. காமெடி வி.சி.டி.! 2000-களில் பஸ் ஸ்டாண்டு கடைகளில் இருபது, முப்பது ரூபாய்க்குக் கிடைத்தவை. ஒரு வி.சி.டி.யில் எழுபத்து நாலிலிருந்து எண்பது நிமிடம்தான் பிடிக்கும். அதற்குள் பத்துப் படங்களின் நகைச்சுவையை வெட்டிச் சேர்த்திருப்பார்கள். 200 அடி ரீலின் அதே தந்திரம், அதே காரணம். அனுமதி இல்லாமல் வெளியிட்டவை ஏராளம் என்பதும் உண்மைதான், அதை நான் ஆதரிக்கவில்லை. எனினும், பெரிய வெற்றி பெறாத படங்களில் வந்த பல காட்சிகளை நான் வேறெங்கும் நல்ல நிலையில் பார்த்ததில்லை.

சரி, உங்களிடம் இப்படி ஏதாவது இருந்தால் என்ன செய்வது?

வி.சி.டி.யிலிருந்து ஆரம்பிக்கலாம், சுலபமானது அது. இப்போது வரும் லேப்டாப்களில் சி.டி. டிரைவ் இருப்பதில்லை. யு.எஸ்.பி.யில் செருகும் டி.வி.டி. டிரைவ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வி.சி.டி.யைத் திறந்தால் எம்பெக்ஏவி என்று ஒரு போல்டர் தெரியும். அதற்குள் டாட் என்று முடியும் பெரிய பைல்தான் படம். அதை அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். வேறு வடிவத்துக்கு மாற்ற வேண்டாம். ஏற்கெனவே 352-க்கு 288 புள்ளிகள் மட்டுமே உள்ள படம் அது, மறுபடி சுருக்கினால் முகம் சாணி அப்பியது போல ஆகிவிடும்.

பிலிம் என்றால் முதலில் மூக்கை உபயோகியுங்கள். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாசனை அடித்தால் அந்த பிலிம் கெட ஆரம்பித்துவிட்டது என்று பொருள். அசிடேட் பிலிம் சூட்டிலும் ஈரத்திலும் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளியிடுகிறது. அது பக்கத்தில் உள்ள ரீல்களையும் கெடுக்கும், எனவே தனியே எடுத்து வையுங்கள். வருடத்தில் இரண்டு பருவமழை காணும் நம் மாவட்டத்தில் இது மிகச் சாதாரணம். அடுத்து அகலத்தை அளந்து பாருங்கள். 8 அல்லது 16 மி.மீ. என்றால் தீப்பிடிக்காத வகையான சேப்டி பிலிம்தான், பயம் வேண்டாம். 35 மி.மீ. அகலத்தில், ஐம்பதுகளின் தொடக்கத்துக்கு முந்தைய பிலிம் என்றால் நைட்ரேட்டாக இருக்கலாம். ஓரத்தில் சேப்டி என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையெனில் வீட்டில் எந்தச் சோதனையும் செய்யாமல், வெயிலும் அடுப்பும் படாத இடத்தில் வைத்துவிட்டு, திரைப்படக் காப்பகத்துக்கு எழுதுங்கள். புனே காப்பகமும், மும்பையில் 2014-ல் தொடங்கப்பட்ட பிலிம் ஹெரிடேஜ் பவுண்டேஷனும் இந்த வேலையைத்தான் செய்கின்றன.

பழைய புரொஜக்டரில் போட்டு ஓட்டிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். ஐம்பது வருட பிலிம் சுருங்கியிருக்கும், பல் சக்கரம் துளைகளைக் கிழித்துவிடும். சுவரில் ஓட்டி அதைச் செல்போனில் படம் பிடிப்பது இன்னும் மோசம், திரை மின்னிக்கொண்டே இருக்கும். நான் செய்வது பிரேம் பிரேமாக ஸ்கேன் செய்யும் முறை. மூடியில் விளக்குள்ள ஸ்கேனரில் 24 செ.மீ. நீளம் வைத்தால் ஏறக்குறைய 56 பிரேம்கள் பிடிக்கும். ஒரு 200 அடி ரீலுக்கு 250 தடவைக்கு மேல் வைத்து எடுக்க வேண்டும். ஆமாம், பைத்தியக்கார வேலைதான். எனக்கு ஒரு ரீலுக்கு மூன்று சனி ஞாயிறுகள் ஆகின்றன. பொறுமை இல்லாதவர்களுக்கு 8 மி.மீ. பிலிமை நேரடியாக வீடியோவாக மாற்றும் சிறிய கருவிகள் விற்பனைக்கு வந்திருக்கின்றன. அவை படத்தைச் சுருக்கிப் பதிவு செய்கின்றன என்பது குறை. ஒன்றும் செய்யாமல் இருப்பதை விட அது மேல்.

இடம் எவ்வளவு பிடிக்கும் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பிரேமுக்கு 3 எம்.பி. என்று வைத்தால் 14,400 பிரேமுக்கு 43 ஜி.பி. ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் இருபதுக்கும் சற்று அதிகமான ரீல்களை வைக்கலாம். பார்ப்பதற்கென்று தனியாக ஒரு சிறிய வீடியோ பைல் செய்துகொண்டால் அது ஒரு ஜி.பி.க்குள் அடங்கும். அப்படிச் செய்யும்போது வேகத்தைக் கவனியுங்கள். 18 பிரேமில் ஓட வேண்டியதை 25-ல் ஓட்டினால் பதிமூன்று நிமிடப் படம் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சாப்ளின் எப்போதும் தபதபவென்று ஓடுவார் என்று நம்மில் பலர் நினைப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

இப்போது கலர் பூசுவது, முகத்தைத் துலக்குவது என்று செயற்கை நுண்ணறிவு சாப்ட்வேர்கள் நிறைய வந்துவிட்டன. நான் இதே துறையில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன், அவை தெரியாத இடத்தில் ஊகித்து வரைகின்றன. கலைவாணரின் முகத்தில் ஒரு சுளிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதுதான் நகைச்சுவை. அதை ஒரு சாப்ட்வேர் ஊகிப்பதை நான் விரும்பவில்லை. ஆசைப்பட்டால் தனிக் காப்பியில் செய்து விளையாடுங்கள். ஸ்கேன் செய்த மூல பைலில் கை வைக்காதீர்கள்.

உரிமை பற்றியும் சிலர் கேட்பதுண்டு. இந்தியச் சட்டப்படி திரைப்படத்துக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து அறுபது வருடம் உரிமை. கலைவாணர் 1957-ல் மறைந்தார். அவர் காலத்தில் வெளியான படங்களுக்கு அந்தக் கெடு கடந்துவிட்டது. ஆனால் பாடலுக்கும் கதைக்கும் தனி உரிமை உண்டு. ஆகவே வீட்டுக்காகப் பாதுகாப்பது வேறு, ஊருக்கு வெளியிடுவது வேறு என்று பிரித்துக்கொள்ளுங்கள். கவுண்டமணி வி.சி.டி.க்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது, அது இன்னும் உரிமையாளரின் சொத்து.

கடைசியாகப் பைலின் பெயர். 'காமெடி 1', 'காமெடி புதுசு', 'காமெடி புதுசு கடைசி' என்று வைக்காதீர்கள். படத்தின் பெயர், ஆண்டு, எந்த அளவு பிலிம், எத்தனை அடி, யார் வீட்டில் கிடைத்தது என்று ஒரு சின்ன டெக்ஸ்ட் பைலில் எழுதி அதே போல்டரில் போடுங்கள். டப்பாவின் அட்டையையும் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்யுங்கள். போல்டரை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வைத்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். பிலிமை மூடி இறுகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பையோடு, பரணில் அல்லாமல் வீட்டின் குளிர்ந்த அறையில் வையுங்கள். ஓட்டுக்கூரைக்குக் கீழே பரண்தான் வீட்டிலேயே சூடான இடம். சின்னப் பாட்டாவின் பதினோரு ரீல்களில் பெயர் கிழிந்த அந்த ஒன்று மட்டும் வினிகராகிச் சுருண்டுவிட்டது. முதல் நாற்பது அடியை ஸ்கேன் செய்ய முடிந்தது. ஒரு தடியர் ஏணியில் ஏறுகிறார், கீழே யாரோ ஏணியை நகர்த்துகிறார்கள். அதற்கு மேல் பிலிம் பிரிந்து வரவில்லை. யார் அந்த நடிகர் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.